சொந்த வீட்டிலிருந்து கவுன்சில் வீட்டுக்கு: விற்பதா, இருப்பதா, வேறு வழியா?

"வீட்டை வித்துப்போட்டு கவுன்சில் வீட்டுக்குப் போனால் என்ன?" லண்டன் தமிழர் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கவுன்சில் வீடு என்றால் உள்ளூராட்சி மன்றம் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீடு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து, பகலில் ஒன்று இரவில் ஒன்று என்று இரண்டு வேலை பார்த்து, ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ டூட்டிங்கிலோ மூன்று அறை வீடு வாங்கியவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். முழங்கால் படியேற மறுக்கிறது, குளியலறையோ மேல்மாடியில் இருக்கிறது. வட்டி மாறாத இரண்டு வருட ஃபிக்ஸ் முடிந்ததும் மோர்கேஜ் (வீட்டுக் கடன்) தவணை மாதத்துக்குப் பல நூறு பவுண்டு கூடிவிட்டது. பிள்ளைகள் மில்டன் கீன்ஸுக்கோ லெஸ்டருக்கோ போய்விட்டார்கள். பக்கத்து பிளாட்டில் கவுன்சில் வாடகைக்கு இருப்பவர் ஒரு ஃபோன் பண்ணினால் பாய்லர் திருத்த ஆள் வருகிறது. சொந்த வீட்டுக்காரர் அதற்கே கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவுன்சில் வீட்டில் குறைவு என்று ஒன்றுமில்லை. சிலருக்கு அதுதான் மிகச் சரியான இடம். ஆனால் விற்றுவிட்டு அதைத் தேடிப் போவது ஆபத்தான வரிசை. முதலில் கவுன்சிலிடம் கேட்க வேண்டும், எழுத்தில் பதில் வாங்க வேண்டும், அதன் பிறகுதான் வீடு விற்கும் ஏஜென்டைக் கூப்பிட வேண்டும். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை. இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வீட்டுச் சட்டம் வேறு.

## எதை வைத்து ஒப்பிடுவது

எந்த வழியை எடுத்தாலும் ஐந்து விஷயங்களைப் பாருங்கள். கேட்டால் கிடைக்குமா? கையில் வரும் காசை அரசு எப்படி எண்ணும்? யாராவது எழுப்பிவிட முடியுமா? இன்னும் பத்து வருடம் கழித்து உள்ள உடம்புக்கு அந்த வீடு சரிவருமா? பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் கடைசிக் கேள்வியில் தொடங்குகிறார்கள். இரண்டாவதைக் கேட்பதே இல்லை. ஆனால் காசு கரைவது அங்கேதான், அதனால் அதை முதலில் எடுக்கிறேன்.

## வீடாக இருக்கும் காசும், வங்கியில் இருக்கும் காசும்

நீங்கள் குடியிருக்கும் வீட்டின் பெறுமதியை இந்த நாட்டின் உதவித்திட்டங்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. அதை விற்றுக் காசாக்கிய மறுநாளே கணக்கில் எடுக்கும்.

| உதவி | குடியிருக்கும் சொந்த வீடு | விற்று வங்கியில் இருக்கும் காசு |
|---|---|---|
| பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவருக்கான உதவி) | எண்ணப்படாது | 10,000 பவுண்டுக்கு மேல் ஒவ்வொரு 500க்கும் வாரம் 1 பவுண்டு வருமானமாகக் கருதப்படும் |
| ஓய்வு வயதினருக்கான ஹவுசிங் பெனிபிட் (வாடகை உதவி) | சொந்த வீட்டுக்குப் பொருந்தாது | 16,000க்கு மேல் இருந்தால் கிடையாது. பென்ஷன் கிரெடிட்டின் காரண்டிப் பகுதி (வருமானத்தைக் குறைந்தபட்ச அளவுக்கு நிரப்பித் தருவது) வாங்குபவருக்கு மட்டும் விலக்கு |
| யுனிவர்சல் கிரெடிட் (ஓய்வு வயதுக்குக் கீழ் வருமானம் குறைந்தவருக்கான உதவி) | எண்ணப்படாது | 6,000க்கு மேல் குறையத் தொடங்கும், 16,000க்கு மேல் நிற்கும் |
| வீட்டுக்கு வந்து செய்யும் பராமரிப்பு | எண்ணப்படாது | 23,250க்கு மேல் இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது |
| முதியோர் இல்லம் | துணைவரோ 60 வயதான உறவினரோ அந்த வீட்டில் தொடர்ந்து வசித்தால் எண்ணப்படாது | எண்ணப்படும் |

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுபது கடந்த ஒரு தம்பதி. பென்ஷன் கிரெடிட்டில் வாரம் 60 பவுண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டை விற்று, மிச்சமிருந்த மோர்கேஜையும் வக்கீல், ஏஜென்ட் செலவையும் கழித்து 90,000 பவுண்டு கையில் நிற்கிறது. கவுன்சில் வீடும் கிடைத்துவிட்டது, வாடகை வாரம் 150 பவுண்டு.

90,000இல் முதல் 10,000ஐ விட்டுவிடுவார்கள். மீதி 80,000க்கு வாரம் 160 பவுண்டு வருமானம் வருவதாகக் கருதுவார்கள். வங்கி அவ்வளவு வட்டி தருகிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். 60 பவுண்டு கிரெடிட் அத்தோடு நின்றுவிடும். காரண்டிக் கிரெடிட் இல்லாததால் 16,000 வரம்பும் வந்து சேரும், ஹவுசிங் பெனிபிட்டும் இல்லை. ஆக, வாரம் 150 வாடகையும், இழந்த 60ம் சேர்ந்து 210 பவுண்டு. வருடத்துக்குப் பதினோராயிரத்துக்குச் சற்றுக் குறைவு. சேமிப்பு 40,000க்குக் கீழே வரும்போதுதான் கிரெடிட் மறுபடி எட்டிப் பார்க்கும், அதோடு வாடகை உதவியும் வரும். அதற்குள் நாலரை வருடமும் 50,000 பவுண்டும் போயிருக்கும்.

இது தவறான முடிவு என்று சொல்ல வரவில்லை. அந்த நாலரை வருடத்தில் மோர்கேஜ் இல்லை, கூரைச் செலவு இல்லை, கட்டடக் காப்புறுதி இல்லை. மோர்கேஜே மாதம் 1,200 போய்க்கொண்டிருந்தவருக்கு இந்த மாற்றம் நிம்மதிதான். கடன் முழுவதும் கட்டி முடித்த வீட்டை விற்பவருக்கோ பெரிய நட்டம். பென்ஷன் கிரெடிட்டோடு கூட வரும் கவுன்சில் டாக்ஸ் சலுகை, 75 வயதுக்கு மேல் இலவச டிவி லைசென்ஸ் போன்றவையும் சேர்ந்தே போகும்.

"அப்போ காசைப் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றிவிட்டால்?" என்று உடனே கேட்பார்கள். உதவி பெறுவதற்காகக் காசைக் கைமாற்றினால், அது இன்னும் உங்களிடமே இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஏழு வருடம் போனால் சரி என்று ஊரெல்லாம் ஒரு கதை உண்டு. அந்த ஏழு வருடம் மரண வரிக்கு உரிய விதி. பெனிபிட்டுக்கும் பராமரிப்புச் செலவுக்கும் அப்படி ஒரு கால எல்லை கிடையாது. கவுன்சில் வீட்டு விண்ணப்பத்திலும் கடந்த சில வருடங்களில், பல இடங்களில் ஐந்து வருடங்களில், ஏதாவது சொத்தை விற்றீர்களா, கொடுத்தீர்களா, காசு எங்கே போனது என்று கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் வீடும், சென்னையில் வாங்கிப் போட்ட பிளாட்டும் சொத்துத்தான். படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்ற கேள்வி வரும். "அது ஊரில்தானே" என்று விட்டுவிடாதீர்கள். மறைத்தது பிறகு தெரியவந்தால் வாங்கிய பெனிபிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், கிடைத்த வீடும் போகலாம்.

## கவுன்சில் வீடு: பொதுப் பட்டியல்

கிடைக்குமா என்ற கேள்விக்குப் பெரும்பாலான சொந்த வீட்டுக்காரருக்குப் பதில் "இல்லை" என்பதே. 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டத்துக்குப் பிறகு யார் பட்டியலில் சேரலாம் என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தானே முடிவுசெய்கிறது. பல கவுன்சில்கள் சொந்த வீடு உள்ளவரைச் சேர்ப்பதில்லை. வருமானத்துக்கும் சேமிப்புக்கும் தனி வரம்பு வைத்திருக்கின்றன. அந்தப் பகுதியில் இத்தனை வருடம் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நியூஹாமில் ஒரு விதி, ஹரோவில் வேறு விதி. மச்சானுக்கு வெம்பிளியில் கவுன்சில் வீடு கிடைத்தது என்பது உங்களுக்கு ஆதாரமாகாது. இங்கிலாந்து முழுவதும் 13 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் காத்திருப்புப் பட்டியலில் இருக்கின்றன என்பதையும் மனதில் வையுங்கள்.

விலக்குகள் உண்டு, அவற்றைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். நோய் அல்லது உடல் இயலாமையால் இருக்கும் வீட்டில் வாழ முடியாது, அதை மாற்றியமைக்கவும் முடியாது, விற்றாலும் ஏற்ற இன்னொன்றை வாங்கக் காசு போதாது. இந்த மூன்றையும் காட்ட முடிந்தால் பல கவுன்சில்கள் சொந்த வீட்டுக்காரரையும் எடுக்கும். "எனக்கு முட்டு வலி" என்று டாக்டர் எழுதிய ஒருவரிக் கடிதம் இதற்குப் போதாது. எத்தனை படி ஏற வேண்டும், எத்தனை தடவை விழுந்தீர்கள், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட நடமாட்டத்தை மதிப்பிடும் நிபுணர்) வீட்டைப் பார்த்து என்ன எழுதினார் என்ற விவரம்தான் வேலை செய்யும்.

பட்டியலில் சேர்ந்த பிறகு பாண்ட் என்ற தரவரிசை. ஒவ்வொரு சுற்றிலும் வெளிவரும் வீடுகளுக்கு இணையத்தில் பிட் போட வேண்டும், அதாவது இது எனக்கு வேண்டும் என்று பதிய வேண்டும். வீடு கிடைத்தால் பார்க்க அழைத்து ஓரிரு நாளில் முடிவு கேட்பார்கள். மறுத்தால் பல இடங்களில் தரவரிசை இறங்கும்.

சாவி வாங்கும் நாளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். கதவைத் திறந்தால் வெறும் வீடு. தரையில் கார்பெட் இல்லை, வெறும் கொங்கிரீட் அல்லது பலகை. திரைச்சீலைக் கம்பி இல்லை. அடுப்பு இல்லை, அது இருந்த இடத்தில் ஒரு இணைப்பும் எண்ணெய்க்கறை படிந்த சுவரும் மட்டும். மின்சார மீட்டர் முன்பணம் போடும் வகையாக இருக்கலாம். முந்தியவரின் பாக்கி அதில் ஏறி நிற்கவும் கூடும், அதனால் முதல் நாளே மின்சாரக் கம்பனிக்கு அழைத்து உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். தரை, திரை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சுமைகூலி எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் பவுண்டு கையில் வேண்டும். வாடகை உடனே ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் பழைய வீடு விற்று முடிந்திருக்காவிட்டால் இரண்டு வீட்டுச் செலவு. விற்க உண்மையாக முயன்றுகொண்டிருந்தால் பழைய வீட்டின் பெறுமதியைப் பொதுவாக 26 வாரம் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பது அப்போது கொஞ்சம் கைகொடுக்கும்.

நல்ல பக்கமும் பெரியது. வாடகை சந்தை வாடகையைவிட மிகக் குறைவு. முதல் 12 மாதம் பெரும்பாலும் அறிமுகக் காலம், அதன் பிறகு பாதுகாப்பான குத்தகை. வாடகையை ஒழுங்காகக் கட்டி, அயலாரோடு பிரச்சினை இல்லாமல் இருந்தால் யாரும் எழுப்ப முடியாது. ஈரமும் பூஞ்சையும் வந்தால், 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ள அவாப் சட்டம், பாரதூரமான ஈரப்பிரச்சினையை 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும், அவசர ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும் என்று வீட்டுக்காரரான கவுன்சிலைக் கட்டாயப்படுத்துகிறது. சொந்த வீட்டில் அந்தக் கடமை முழுக்க உங்கள் தலையில்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2012 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய பாதுகாப்பான குத்தகை, நீங்கள் இறந்தால் கணவன், மனைவி, துணைவருக்கு ஒரு தடவை மட்டுமே மாறும். மகன் கூடவே இருந்து கடைசிவரை பார்த்தாலும் சட்டப்படி அவருக்குத் தானாக வராது, கவுன்சில் மனம் வைத்தால் மட்டும்தான். "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்ற எண்ணமும் பழைய காலத்துக் கதை. 2024 நவம்பர் 21 முதல் ரைட் டு பை, அதாவது இருக்கும் கவுன்சில் வீட்டையே வாங்கும் உரிமையில் கிடைக்கும் தள்ளுபடி, பிராந்தியத்தைப் பொறுத்து 16,000 முதல் 38,000 பவுண்டு வரைதான்.

அப்புறம், ஊருக்குப் போவது. குளிருக்குப் பயந்து மூன்று மாதம் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருந்துவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். ஹவுசிங் பெனிபிட்டும் பென்ஷன் கிரெடிட்டும் வெளிநாட்டில் இருக்கும்போது பொதுவாக நாலு வாரம்தான் ஓடும். நெருங்கிய உறவினர் இறப்பு, சிகிச்சை போன்றவற்றுக்கு மட்டும் நீட்டிப்பு உண்டு. சொந்த வீட்டில் இருந்தால் கிரெடிட் நின்றாலும் கூரை உங்களுடையது. வாடகை வீட்டில் பெனிபிட் நின்றால் வாடகைப் பாக்கி ஏறும். இல்லாத நாட்களில் வீட்டை யாருக்காவது முழுதாக வாடகைக்குக் கொடுப்பது 2013 சட்டப்படி குற்றம்.

## முதியோர் குடியிருப்பு: ஷெல்டர்ட் ஹவுசிங்

சொந்த வீடு உள்ள முதியவருக்கு உண்மையிலேயே திறந்திருக்கும் கதவு பெரும்பாலும் இதுதான். அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். கவுன்சில்களும் ஹவுசிங் அசோசியேஷன்களும் (லாப நோக்கில்லாமல் வாடகை வீடு தரும் அமைப்புகள்) 55 அல்லது 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று நடத்தும் பிளாட்டுகள். பொதுப் பட்டியலில் சேர்க்க மறுக்கும் கவுன்சில்கூட, சொந்த வீடு உள்ளவரை இதற்கு எடுக்கலாம். காத்திருப்பும் பொதுவாகக் குறைவு.

ஒரு படுக்கையறை அல்லது ஒற்றை அறை. லிஃப்ட், அவசர மணிக்கயிறு, பகலில் வந்து பார்க்கும் ஒரு பணியாளர், பொது அறை. வாடகைக்கு மேல் சேவைக் கட்டணம் இருக்கும். அதில் எந்தப் பகுதியை ஹவுசிங் பெனிபிட் தாங்கும், எதை நீங்களே கட்ட வேண்டும் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் பிளாட்டின் சூடாக்கலும் மணிக்கயிறு சேவையும் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. ரைட் டு பை இங்கே பொதுவாக இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இதில் இருக்கும் கஷ்டம் சட்டத்தில் எழுதப்படாதது. பேரப்பிள்ளைகள் இரவு தங்க இடமில்லை. தாளித்த மணம் நடைபாதை முழுக்கப் போகும், சிலர் முகம் சுளிப்பார்கள். சாமி விளக்கு ஏற்றினால் புகை அலாரம் அலறும். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசும் இன்னொருவர் இருந்தால் வாழ்க்கையே வேறு. கையெழுத்துப் போடும் முன் ஒரு பிற்பகல் பொது அறையில் போய் உட்கார்ந்து பாருங்கள். கோவிலுக்குப் போகும் பஸ் வாசலில் நிற்குமா என்றும் பாருங்கள். ஈஸ்ட்ஹாமிலிருந்து மனோர் பார்க் முருகன் கோவிலுக்கு நடந்தே போய்ப் பழகியவரை பஸ் கிடைக்காத ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டால், நல்ல லிஃப்ட் இருந்தும் அவர் வெளியே இறங்க மாட்டார்.

தனியாகிவிட்ட, படியேற முடியாத, வீட்டை விற்றாலும் லண்டனில் இன்னொன்று வாங்க முடியாத ஒருவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

## இருக்கும் வீட்டிலேயே இருப்பது

விற்க நினைப்பவர்களில் பலர் இந்த வழியை முழுதாகத் தேடிப் பார்க்காமலே கைவிடுகிறார்கள்.

பிரச்சினை உடம்பு என்றால், டிசேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட், அதாவது வீட்டை உடல்நிலைக்கு ஏற்ப மாற்றியமைக்கத் தரும் மானியம். இங்கிலாந்தில் 30,000 பவுண்டு வரை கவுன்சில் கொடுக்கும். படிலிஃப்ட், கீழே குளியலறை, அகலக் கதவு எல்லாவற்றுக்கும் பொருந்தும். வருமானமும் சேமிப்பும் பார்ப்பார்கள், வீட்டின் பெறுமதி பார்க்க மாட்டார்கள். முழு விண்ணப்பம் போனால் ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பெரிய தொகை வாங்கிவிட்டுப் பத்து வருடத்துக்குள் வீட்டை விற்றால் ஒரு பகுதியை, அதிகபட்சம் 10,000 பவுண்டை, கவுன்சில் திருப்பிக் கேட்கலாம். கைப்பிடி, சாய்தளம் போன்ற 1,000 பவுண்டுக்கு உட்பட்ட சின்ன வேலைகள் தேவை என்று மதிப்பிடப்பட்டால் இலவசம்.

பிரச்சினை மோர்கேஜ் என்றால், வங்கியோடு முதலில் கதையுங்கள். 2023 மோர்கேஜ் சாசனத்தில் சேர்ந்த வங்கிகளிடம் ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டவோ, கால எல்லையை நீட்டவோ கேட்கலாம். யுனிவர்சல் கிரெடிட்டோ பென்ஷன் கிரெடிட்டோ வாங்குபவருக்கு மோர்கேஜ் வட்டி உதவி உண்டு. யுனிவர்சல் கிரெடிட்டில் மூன்று மாதக் காத்திருப்புக்குப் பிறகு 200,000 பவுண்டுக் கடன்வரை, பென்ஷன் கிரெடிட்டில் பொதுவாக 100,000 வரை உள்ள வட்டிக்கு. 2018 முதல் இது கடன், வட்டி சேரும், வீட்டை விற்கும்போது கழிப்பார்கள். பலர் கடன் என்று கேட்டதும் வேண்டாம் என்கிறார்கள். வீட்டையே விற்றுவிட்டு வாடகை கட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது சின்ன விலை.

ஒரு அறையை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு 7,500 பவுண்டு வரை வரி இல்லை. பெனிபிட் வாங்குபவர் மட்டும் அது எப்படி எண்ணப்படும் என்று முன்னதாக விசாரிக்க வேண்டும். 55 வயதுக்கு மேல் ஈக்விட்டி ரிலீஸ், அதாவது வீட்டிலேயே இருந்துகொண்டு அதன் பெறுமதி மேல் கடன் எடுக்கும் வழியும் இருக்கிறது. வட்டிக்கு வட்டி ஏறும், கையில் வந்த காசும் மேலே சொன்ன அட்டவணைக்குள் விழும். அதைக் கடைசி வழியாகவே வைத்திருப்பேன்.

## சின்ன வீடாக மாற்றிக்கொள்வது

விற்று வரும் காசில் இன்னொன்றை வாங்க முடிந்தால் காசு மறுபடி வீட்டுக்குள் போய்விடுகிறது, கணக்கிலிருந்தும் மறைகிறது. லண்டனை விட்டு லூட்டனுக்கோ பீட்டர்பரோவுக்கோ போகத் தயாராக இருந்தால் நடக்கும். 300,000 பவுண்டு வீட்டுக்கு முத்திரை வரி மட்டும் 5,000. 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பங்கு உரிமைத் திட்டத்தில் வீட்டின் 75 வீதம்வரை வாங்கலாம். 75 வீதத்தை எட்டினால் மீதிக்கு வாடகை கிடையாது. இதை எங்கள் ஆட்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனியார் கட்டி விற்கும் லீஸ்ஹோல்ட் (குறித்த காலத்துக்கு மட்டும் உரிமை தரும்) பிளாட்டுகளில் மட்டும் மிகக் கவனம். வரவேற்பறை அழகாக இருக்கும். சேவைக் கட்டணம் வருடா வருடம் ஏறும், விற்கும்போது வெளியேறும் கட்டணம் என்று ஒரு பங்கு போகலாம், மறுவிற்பனையும் சுலபமில்லை.

## தனியார் வாடகை

விற்றபின் தற்காலிகமாக இருக்க என்றால் சரி. 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் எழுப்பும் நோட்டீஸ் இல்லை என்றாலும், முதல் வருடம் முடிந்த பிறகு வீட்டுக்காரர் விற்க நினைத்தால் நாலு மாத நோட்டீஸில் வெளியேற்ற முடியும். வாடகை உதவிக்கும் பகுதிவாரியான உச்சவரம்பு உண்டு, லண்டன் வாடகை அதைத் தாண்டியே நிற்கும். எழுபது வயதில் இதை நிரந்தர வழியாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## பிள்ளைகளோடு போவது

பல வீடுகளில் இதுதான் உண்மையான போட்டி. வீட்டை விற்று, மகனுடைய வீட்டில் பின்பக்கம் ஒரு அறை கட்டி, அங்கே போய்விடுவது. அன்பாக நடக்கும் வீடுகளை நிறையப் பார்க்கலாம். ஆனால் காசைப் போடும் பெற்றோரின் பெயர் அந்த வீட்டுப் பத்திரத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. மகனும் மருமகளும் பிரிந்தால், மகனுடைய வியாபாரம் விழுந்தால், அந்தக் காசுக்கு உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. பிறகு கவுன்சிலிடம் போனால் "வீட்டை விற்ற காசு எங்கே?" என்ற கேள்விக்கும் பதில் இருக்காது. வக்கீலிடம் போய் உங்கள் பங்கை எழுதி வையுங்கள். பிள்ளைகளிடம் இதைக் கேட்பது சந்தேகம் ஆகாது, அவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

## வீடு கைநழுவும் நிலையில் இருந்தால்

மோர்கேஜ் பாக்கி ஏறி, நீதிமன்றக் கடிதம் வந்தவர்களுக்கு மேலே சொன்ன தெரிவுகளை ஆற அமர ஒப்பிட நேரமில்லை. இவர்களுக்கு ஒன்றே ஒன்று: சாவியைத் தபாலில் வங்கிக்கு அனுப்பிவிட்டு வெளியேறாதீர்கள். சாவியைக் கொடுத்தாலும் வீடு விற்கும்வரை வட்டி ஓடும், விற்ற விலை போதாவிட்டால் மீதியை உங்களிடமே கேட்பார்கள். அதைவிட மோசம், இருந்த வீட்டைத் தானாக விட்டுவந்தார் என்று கவுன்சில் உங்களை வேண்டுமென்றே வீடற்றவரானவர் என்று தீர்மானிக்க இடமுண்டு. அப்படித் தீர்மானித்தால் நிரந்தர வீடு தரும் கடமை கவுன்சிலுக்கு இல்லை. அவசரப்பட்டு விற்றுவிட்டு, காசும் தீர்ந்தபின் போய் நிற்பவருக்கும் இதே ஆபத்து. நோயாலோ வேலை போனதாலோ உண்மையாகவே கட்ட முடியாமல் போனது என்றால் அது வேண்டுமென்றே ஆகாது, ஆனால் அதற்குரிய கடிதங்களையும் வங்கி அறிக்கைகளையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

56 நாளுக்குள் வீடில்லாமல் போகும் நிலை என்றாலே கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டை மீட்கும் நோட்டீஸ் வந்தவருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட ஆலோசனை 2023 ஆகஸ்ட் முதல் இருக்கிறது, நீதிமன்ற நாளன்று கூட நின்று பேசவும் ஆள் வருவார்கள். ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்புகள் இரண்டிலும் கேட்கலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் சொல்லலாம். ஆனால் கவுன்சில் தரும் முதல் இடம் தற்காலிக அறைதான். வேறு ஊரிலும் இருக்கலாம், வருடக்கணக்கிலும் நீளலாம். பிள்ளை, கர்ப்பம், நோய், முதுமை போன்ற முன்னுரிமைக் காரணம் இல்லாத நடுவயதுத் தனியாளுக்கு அதுவும் கிடைக்காமல் போகலாம்.

வீட்டுக்குள் அடி, மிரட்டல் என்று இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதற்காக அங்கேயே இருக்க வேண்டியதில்லை. வன்முறை நடக்கும் வீட்டைச் சட்டம் நீங்கள் வாழக்கூடிய வீடாகக் கருதாது. 2021 சட்டத்துக்குப் பிறகு வன்முறையால் வீடற்றவரானவருக்கு முன்னுரிமை தானாகவே உண்டு. எந்தக் கவுன்சிலுக்கும் போகலாம். வெளியேறியதால் வீட்டில் உள்ள உங்கள் பங்கும் போய்விடாது. பெயர் பத்திரத்தில் இல்லாத மனைவியும் காணிப் பதிவகத்தில் தன் குடியிருப்பு உரிமையைப் பதியலாம்.

## கவுன்சிலிடம் என்ன கேட்பது

விற்பனைப் பலகை நடுவதற்கு முன், உங்கள் கவுன்சிலின் வீட்டு ஒதுக்கீட்டுக் கொள்கையை இணையத்தில் எடுத்து, சொந்த வீடு, சேமிப்பு வரம்பு, முதியோர் குடியிருப்பு என்ற மூன்று பகுதிகளையும் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். பிறகு மின்னஞ்சலில் கேளுங்கள். நான் இந்த வீட்டுக்கு உரிமையாளர், இன்ன நோய், விற்றால் ஏறத்தாழ இவ்வளவு மிஞ்சும். என்னைப் பட்டியலில் சேர்ப்பீர்களா? முதியோர் குடியிருப்புக்கு எடுப்பீர்களா? விற்கும் முன் விண்ணப்பிக்கலாமா, விற்ற பிறகா? விற்றால் வேண்டுமென்றே நிலைமையை மோசமாக்கியதாகக் கருதுவீர்களா? ஃபோனில் ஒருவர் "பிரச்சினை இல்லை" என்று சொன்னதை வைத்து வீட்டை விற்றுவிடாதீர்கள், ஆறு மாதம் கழித்து அந்த ஒருவர் அங்கே இருக்க மாட்டார். பதில் வந்ததும் முதியோருக்கு உதவும் ஏஜ் யூகேயிலோ சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ பெனிபிட் கணக்கை இரண்டு விதமாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்: வீட்டோடு ஒன்று, விற்ற காசோடு ஒன்று. பதில் "இல்லை" என்று வந்தால், மறுபரிசீலனை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கான கடைசித் தேதி அந்தக் கடிதத்திலேயே இருக்கும், பெரும்பாலும் 21 நாள்.